‘ஆக’ வரும் இடமெல்லாம் ‘லி’ வராது

அன்புள்ள தம்பிக்கு,

தொண்டியிலிருந்து சிங்கப்பூர் வந்து கப்பல் பட்டறையில் சேர்ந்திருக்கும் நீங்கள், வேலை அறிக்கை எழுதும்போது ‘சேஃப்’, ‘சேஃப்லி’, ‘சேஃப்டி’ எல்லாம் குழம்புவதாகச் சொல்லி, “தமிழில் ‘ஆக’ வரும் இடத்தில் ‘லி’ சேர்த்தால் போதுமா, காக்கா (அண்ணா)?” என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு பாதி தூரம்தான் வரும்.

வல்லம் பாதுகாப்பாகக் கரை சேர்ந்தது என்றால், சேர்ந்த விதத்தைச் சொல்கிறோம். அங்கே ‘சேஃப்லி’ என்ற வினையடை சரி. வல்லம் பாதுகாப்பாக இருக்கிறது என்றாலும் தமிழில் அதே ‘ஆக’தான் வருகிறது, ஆனால் அது வல்லத்தின் நிலையைச் சொல்வதால் ஆங்கிலம் ‘தி போட் இஸ் சேஃப்’ என்று பெயரடையையே கேட்கும். நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். ‘லுக்’, ‘ஃபீல்’, ‘ஸ்மெல்’ போன்ற வினைகளும் பெரும்பாலும் இதே வழியில் செல்வதால், கெட்டுப்போன சீலா மீன் ‘ஸ்மெல்ஸ் பேட்’ என்றே எழுத வேண்டும். ‘பேட்லி’ என்று எழுதினால் மீனுக்கு மோப்பம் பிடிக்கத் தெரியவில்லை என்று யாராவது கேலி செய்யக்கூடும்.

‘சேஃப்டி’ பெயர்ச்சொல், ‘சேவ்’ காப்பாற்றுதல் என்னும் வினை. இவற்றில் சிக்கல் குறைவு. ‘சேஃப்டி ஷூ’ போன்றவற்றில் மட்டும் பெயர்ச்சொல்லே இன்னொரு பெயருக்கு முன் நின்று அடையாகிறது.

‘லி’ என்ற வாலையும் நம்பிவிடாதீர்கள். ‘ஃபிரெண்ட்லி’ பெயரடை, ‘ஃபாஸ்ட்’ வால் இல்லாமலே பெயரடை, வினையடை என்ற இரண்டு வேலையும் செய்யும். கடுமையாக உழைத்தேன் என்பதற்கு ‘ஐ வொர்க்டு ஹார்ட்’ போதும். ‘ஐ ஹார்ட்லி வொர்க்டு’ என்று அறிக்கையில் எழுதினால், ஏறக்குறைய வேலையே பார்க்கவில்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

கடைசியாக, வீட்டுக்குப் போகிறேன் என்பதில் உள்ள ‘க்கு’வைப் பார்த்து ‘கோயிங் டு ஹோம்’ என்று எழுதுகிறோம். அங்கே ‘ஹோம்’ பெயர்ச்சொல் போலத் தெரிந்தாலும் வினையடையாக நிற்பதால் ‘டு’ வேண்டாம். வெளிநாடு செல்வதை நம் கீழக்கரைப் பக்கம் சபர் போவது என்கிறோமே, அதற்குரிய ‘அப்ராட்’ என்ற சொல்லும் வினையடைதான்; ‘கோ அப்ராட்’ என்று எழுதினால் போதும்.