வலம்புரிக்காய் விதை ஏன் முளைப்பதில்லை?

கேள்வி: நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய வலம்புரிக்காயை உடைத்து விதைத்தேன். இரண்டு மாதமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லையே, ஏன்? காட்டில் இந்தச் செடியை எப்படி அடையாளம் காண்பது?
– தென்காசி வாசகர்

பதில்: விதைத்தோல்தான் காரணம். வெண்டை, துத்தி வகையறாவான மால்வேசி குடும்பத்தைச் சேர்ந்தது வலம்புரி. இதன் விதைத்தோல் தண்ணீரை உள்ளே விடாது. காட்டில் வெயிலும் மழையும் நாளடைவில் அதைத் தளர்த்திவிடும். வீட்டில் அந்த வேலையை நாம் செய்ய வேண்டும்.

கடைச்சரக்கு பழையதாக இருக்கும், பூச்சியும் துளைத்திருக்கும். பழுப்பேறி, நுனி பிளக்கத் தொடங்கிய காயே விதைக்கு ஏற்றது. விதைகளைத் தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றைக் கழித்துவிடுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு மற்றவற்றைப் போட்டு, ஓர் இரவு ஊறவிடுங்கள். அடுப்பில் கொதிக்கும்போதே போட்டால் கரு வெந்துவிடும். பலர் தவறுவது இங்கேதான். காலையில் உப்பியவற்றை உடனே விதைக்கலாம். உப்பாதவற்றை இரண்டு உப்புத்தாள்களுக்கு நடுவில் வைத்து, பளபளப்பு மங்கும்வரை மெதுவாகத் தேய்த்து மறுபடி ஊறவையுங்கள். மணல் கலந்த செம்மண்ணில் அரை செ.மீ. ஆழம் போதும். நீர் தேங்கினால் நாற்று அழுகும்.

செடி 2 முதல் 4 மீட்டர் உயரப் புதர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து இலையுதிர் காடுகளில் நிறைய உண்டு. தென்கிழக்கு ஆசியா, வட ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது. இலை சொரசொரப்பானது, விளிம்பு பல்பல்லாக இருக்கும், அடிப்பக்கம் கோணலான இதயவடிவம். பூவைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வராது: செங்கல் சிவப்பில் மலர்ந்து, வயதானதும் ஈயநீலமாக மாறும். அதனால் ஒரே கிளையில் இரு நிறமும் தெரியும், அத்தனை அழகு! தேன்சிட்டும் தவிட்டுக்குருவியும் தேனுக்கு வரும். வெட்டினாலும் அடியிலிருந்து தழைக்கும். பட்டை நாரில் கயிறு திரிப்பதுண்டு.

கேள்வி: சில காய் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் முறுக்கியிருக்கின்றன. இரண்டும் வேறு இனமா?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: இல்லை, ஒரே இனம்தான். காயின் ஐந்து சூலறைகள் (விதை உருவாகும் அறைகள்) ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு வளர்வதால்தான் இந்த முறுக்கு. காய்ந்ததும் ஐந்தும் நுனியிலிருந்து பிரிந்து விதையை உதிர்க்கும். எந்தப் பக்கம் முறுக்கியிருந்தாலும் விதையில் வேறுபாடு இல்லை.