கேட்காத குரல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது நாற்பத்தெட்டு. மதுரையில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை. சின்ன வயதில் சண்டே ஸ்கூல் கொயரில் பாடியிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு விட்டுப்போயிற்று. போன வருடம் எங்கள் சபையில் கொயருக்கு ஆள் வேண்டும் என்று அறிவித்தார்கள். தயங்கித் தயங்கிப் போய்ச் சேர்ந்தேன். கொயர் மாஸ்டர் என்னை ஆல்ட்டோவில், அதாவது பெண்களின் கீழ்க்குரல் வரிசையில், நிறுத்திவிட்டார். மெட்டெல்லாம் மேல்குரலில் பாடும் சோப்ரானோக்காரர்களுக்குப் போய்விடுகிறது, நான் ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். ஈஸ்டருக்குப் பாடியதை மகள் போனில் எடுத்தாள். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன், என் குரல் எங்கேயும் கேட்கவில்லை. "சும்மா வாயசைச்சியா?" என்கிறார் வீட்டுக்காரர்.

முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்றால் குரல் தேறுமா? இந்த வயதில் யார் சொல்லித்தருவார்கள்? இளைஞர்கள் கீபோர்டு, டிரம்ஸ், பதிவுசெய்த டிராக் என்று போய்விட்டார்கள், ஒரே பாட்டை நாலு குரல்வரிசையாகப் பிரித்துப் பாடும் நாலு பார்ட் கொயர் இனி நிலைக்குமா? நான் பெரிய விசுவாசி ஒன்றும் கிடையாது. அப்படிப்பட்டவள் ஆலயத்தில் நின்று பாடலாமா? பொழுதுபோக்குக்காகத்தான் பாடுகிறேன், தவறாக எண்ண வேண்டாம்.

எஸ்.,
நரிமேடு

அன்புள்ள எஸ்.,

விசுவாசத்தைப் பற்றி உங்கள் பாஸ்டரிடம் கேளுங்கள். பாடச் சொல்லித்தான் அனுப்புவார். ஒழுங்காகப் பயிற்சிக்கு வரும் ஆல்ட்டோவை எந்த சபையும் இழக்காது. டிராக் போட்டுப் பாடும் பிள்ளைகளைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் கிடையாது. பாடுகிறார்களே, அது போதும்.

ஆனால் அந்தக் கடைசி வரி. பொழுதுபோக்குக்காகத்தானாம், தவறாக எண்ண வேண்டாமாம். யாரிடம் அம்மா மன்னிப்புக் கேட்கிறீர்கள்? சில மாதங்களாக நான் மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருப்பதே இந்த வரியோடுதான். நம் ஊரில் யாராவது வாயைத் திறந்து பாடினால் உடனே மார்க் போடுகிறோம். குழந்தை பாடினால் டிவி போட்டிக்கு அனுப்பலாமே என்கிறோம். ஐம்பதை நெருங்கும் ஒருத்தி பாடினால் சிரிக்கிறோம். எம்.எஸ்.ஸும் மதுரை மணி ஐயரும் மதுரை சோமுவும் வந்த ஊர் என்று பெருமை பேசுவோம். கச்சேரியில் உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டி, போன தடவை காம்போதி ராகம் இன்னும் நன்றாக இருந்தது என்று தீர்ப்புச் சொல்வோம். வீட்டில் நாலு பேர் கூடினால் ஒரு பாட்டைச் சேர்ந்து பாட வராது. நடவுப் பாட்டு போயிற்று. ஒப்பாரிக்கு ஸ்பீக்கர் கட்டுகிறார்கள். சௌராஷ்டிர மக்கள் இருக்கும் தெருக்களில் நடனகோபால நாயகி சுவாமிகளின் பாடல்களை இன்னும் கோஷ்டியாகப் பாடுகிறார்கள். அவர் மறைந்தது 1914இல். கடைக்காரரும் ஆசிரியரும் ஜால்ராவோடு உட்கார்ந்து பாடுவதைக் கேட்டிருக்கிறேன். அங்கே யாரும் யாருக்கும் மார்க் போடுவதில்லை. அதேபோல் மிச்சமிருக்கும் இன்னோர் இடத்துக்கு உங்களைக் கூப்பிட்டுச் சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் போன் வீடியோவில் உங்கள் குரலைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

கேட்கவில்லை என்றால் சரியாகப் பாடியிருக்கிறீர்கள்.

சின்ன வயதில் நாங்கள் அரசரடிப் பக்கம் ரயில்வே காலனியில் இருந்தோம். அடுத்த வீட்டுக்காரர் ஃபிட்டர், கொயரில் பேஸ், அதாவது ஆண்களின் அடிக்குரல், பாடுகிறவர். காலையில் சவரம் பண்ணும்போது தன் பார்ட்டைப் பாடிப் பார்ப்பார். அதை யாரும் பாட்டு என்று சொல்லமாட்டார்கள். இரண்டு சுரத்துக்கு நடுவே போய்வரும், சட்டென்று பாதாளத்துக்கு இறங்கும், அப்புறம் மனதுக்குள் எண்ணியபடி கொஞ்ச நேரம் சும்மா நிற்பார், மறுபடி அதே இரண்டு சுரம். "எங்க வீட்டுக்காரருக்கு மெட்டே பிடிபடாது" என்று அந்த அம்மாவே எங்களிடம் சொல்வார். காலனிப் பையன்கள் அவரை மாதிரி பாடிக் காட்டிச் சிரிப்போம். அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. வார்த்தைகளுக்கு மேலே ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் முக்காற்புள்ளிகளுமாக, ஏதோ கணக்கு நோட்டு என்று நினைத்தேன். டானிக் சோல்ஃபா என்று பின்னால் தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் கர்வென் பரப்பிய முறை. ஐந்து கோட்டு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாத தொழிலாளிகளும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து பாட வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதில் முதல் சுரமான டோவை எந்தச் சுருதியிலும் வைத்துக்கொள்ளலாம், நம் சட்ஜத்தைப் போலவே.

ஒரு டிசம்பரில் அவர் என்னையும் கேரல் சர்வீஸுக்குக் கூட்டிப்போனார். பெண்கள் மெட்டை எடுத்தார்கள். கீழே அந்த இரண்டு சுரம் வந்து சேர்ந்தது. பந்தலுக்குக் கால் நட்டதுபோல மெட்டு அதன்மேல் நின்றது. சவர நேரத்தில் அவர் சும்மா நின்ற இடங்களில் ஆண்களின் மேல்குரலான டெனர் ஓடியது. தினமும் கேலி செய்து கேலி செய்து அவர் பார்ட் எனக்கு மனப்பாடமாகியிருந்ததால் என்னால் அதை மட்டும் பிரித்துக் கேட்க முடிந்தது. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்கள் மெட்டைத்தான் கேட்டிருப்பார்கள். அவர் நிமிர்ந்து நின்று, மற்ற மூன்று பார்ட்டும் தன்னைச் சுற்றி ஓடுவதைக் கேட்டபடி பாடிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்த பிஷப்புக்குக்கூட அந்த இசை கிடைத்திருக்காது. அது கொயருக்கு உள்ளே நிற்கிறவருக்கு மட்டும் கேட்பது.

இதை நம் ரசிகப் பரம்பரைக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியவில்லை. நமக்கு இசை என்றால் ஒற்றைக் குரல், அதற்குப் பக்கவாத்தியம். சபையில் பாடும் கீர்த்தனையும் அந்த வழிதான். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். பெரும்பாலும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பாடியவை. ராகமும் பல்லவியும் சரணமுமாக எல்லாரும் ஒரே மெட்டில் சேர்ந்துகொள்ளலாம். அதே ஆராதனையில் மேற்கத்திய மெட்டுகள் உள்ள பாமாலைப் புத்தகத்தைத் திறந்தால் நாலு பார்ட். பரட்டை அண்ணன் இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பார். பரட்டை அண்ணன் என்பது தியாபிலஸ் அப்பாவு, அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்தவர். மேற்கத்தியப் பாமாலையும் வேண்டாம், கர்நாடகக் கீர்த்தனையும் வேண்டாம், கிராமத்து ஏழைகள் தங்கள் வசதிக்கு மாற்றிப் பாடிக்கொள்ளும் நாட்டுப்புற மெட்டே வேண்டும் என்பது அவர் கட்சி. கிராமத்துச் சபைக்கு அவர் சொன்னதுதான் சரி. இருந்தாலும் அந்த ஃபிட்டருக்குக் கிடைத்ததை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரே சுரத்தில் நிற்பதாகச் சொல்கிறீர்கள். அது எந்தச் சுரம் என்று கவனித்தீர்களா? டோ, மி, சோ (நம் ச, க, ப) மூன்றும் சேர்ந்து ஒலிக்கும்போது அது தெளிவான மேஜரா, சோகம் தோய்ந்த மைனரா என்று தீர்மானிப்பது நடுவிலிருக்கும் மி. பெரும்பாலும் அது உள்பார்ட்டுகளுக்கு, ஆல்ட்டோவுக்கோ டெனருக்கோதான் விழும். அது ஒரு இழை கீழே இறங்கினால் மொத்தமும் புளித்துவிடும். அதற்குக் குரல் ஆடாமல் நேராக நிற்க வேண்டும். இப்போது போய் சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் பழகினால் அதை நேராக்க மறுபடி பாடுபட வேண்டியிருக்கும். அதனால் நீங்கள் கேட்ட கர்நாடக சங்கீத வகுப்பு வேண்டாம் என்கிறேன். அப்புறம் மூச்சு. நீண்ட சுரம் வரும்போது பக்கத்தில் நிற்பவரோடு பேசிவைத்துக்கொண்டு ஆளுக்கோர் இடத்தில் மூச்செடுங்கள். சுரம் அறுபடாது. தனியாகப் பாடும் எந்த வித்துவானாலும் செய்ய முடியாத காரியம் இது.

ஹாண்டல் 1741இல் எழுதிய அல்லேலூயா கோரஸைக் கிறிஸ்துமஸுக்கு எடுப்பார்கள் என்று நினைக்கிறேன். அதில் சோப்ரானோ நீட்டி நீட்டிப் படிப்படியாக மேலே ஏறும் இடத்தில் கீழே ஆல்ட்டோவும் டெனரும் பேஸும் வெட்டி வெட்டிப் பதில் சொல்லும். அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

வீட்டுக்காரரை ஒருநாள் பயிற்சிக்குக் கூட்டிப்போங்கள். கொயர் மாஸ்டரிடம் சொல்லி ஒரு சரணத்தை ஆல்ட்டோ இல்லாமல் பாடவைத்து, அதே சரணத்தை ஆல்ட்டோவோடு திரும்பப் பாடவையுங்கள். அப்புறமும் வாயசைத்தாயா என்று கேட்டால் அவரைப் பேஸில் சேர்த்துவிடுங்கள். எந்தக் கொயரிலும் பேஸுக்கு ஆள் பற்றாது.