டிசம்பர் வரை ஏன் பொறுக்க வேண்டும்?

கேள்வி: அமெரிக்காவில், டல்லாஸில் இருக்கிறோம். கம்பெனி இன்ஷூரன்ஸில் குடும்பத்துக்கு 5,000 டாலர் டிடக்டிபிள். அதைத் தாண்டும்வரை எல்லாம் கைக்காசுதான். போன மாதம் பையனுக்குக் காதுவலி. இன்ஷூரன்ஸ் கார்டைக் காட்டியதில் 190 டாலர் பில் வந்தது. காட்டாமல் ரொக்கமாகக் கட்டியிருந்தால் 120தானாம். இனி ரொக்கமாகவே கட்டலாமா? மனைவிக்கும் ஐந்து மாதமாக ரத்தப்போக்கு அதிகம். டிசம்பரில் மதுரைக்குப் போகும்போது காட்டிக்கொள்கிறேன் என்கிறாள். அதனால் இப்போதைக்கு அந்தச் செலவு இல்லை.

பதில்: காதுவலி, சளி மாதிரி ஒரு தடவையோடு முடிகிற விஷயத்துக்கு ரொக்கம் லாபம்தான். எச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கென்று வரியில்லாமல் சேமிக்கிற) கணக்கு இருந்தால் அதிலிருந்தே கொடுக்கலாம், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ரொக்கமாகக் கட்டுகிறவர் 2022 முதல் உத்தேசச் செலவை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கலாம். பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் முறையிடவும் வழி உண்டு. ஆனால் ரொக்கமாகக் கட்டியது பொதுவாக டிடக்டிபிளில் ஏறாது.

உங்கள் கேள்வி அவ்வளவுதான். இனி அந்தக் கடைசி வரி.

பையனுக்குக் காது வலித்ததும் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். உங்கள் மனைவிக்கு ஐந்து மாதமாக ரத்தம் போகிறது! அதை 'செலவு இல்லை' என்று எழுத எப்படி மனசு வந்தது? 190க்கும் 120க்கும் நீங்கள் வீட்டில் போட்ட கணக்கு அவர் காதில் விழுந்திருக்கிறது. அதனால்தான் மதுரை என்கிறார். அமெரிக்காவிலிருந்து இந்த டிசம்பர் கதை எனக்கு எத்தனையோ முறை வந்துவிட்டது. எழுதுகிறவர் கணவர், பொறுத்துக்கொள்கிறவர் மனைவி.

மாடிப்படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறதா? கண் இமையைக் கீழே இழுத்தால் உள்ளே வெளுத்திருக்கிறதா? என்றைக்காவது பார்த்தீர்களா? மாதக்கணக்கில் ரத்தம் போனால் உடம்பில் இரும்புச்சத்து வற்றிவிடும். காரணம் தைராய்டாக இருக்கலாம், கர்ப்பப்பைக் கட்டியாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கணக்காகவே பாருங்கள். இவருக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஒருவேளை ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம். கார்டைக் காட்ட வேண்டிய இடம் இதுதான். நெட்வொர்க்கில், அதாவது உங்கள் இன்ஷூரன்ஸோடு ஒப்பந்தத்தில் இருக்கிற டாக்டரிடம் போனால் கட்டுகிற ஒவ்வொரு டாலரும் டிடக்டிபிளில் ஏறும். டிசம்பரில், கோயிலுக்கும் உறவுக்காரர் வீட்டுக்கும் நடுவே அவசரமாக ஒரு ஸ்கேன் எடுத்து, கட்டி என்று தெரிந்து திரும்பி வந்தால்? பெரும்பாலான திட்டங்களில் ஜனவரி 1 அன்று டிடக்டிபிள் கணக்கு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். அந்த 5,000 முழுசாக உங்கள் தலையில்தான் விழும்.

கட்டிய பெண்டாட்டியின் உடம்பைப் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை, தம்பி. அவர் வேண்டாம் என்று சொன்னாலும்தான். நாளைக் காலையில் நீங்களே போன் செய்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். அன்றைக்கு லீவு போட்டு அவரோடு உள்ளே போய் உட்காருங்கள். பில் வந்தால் அவர் முன்னால் பிரிக்க வேண்டாம்.