ஒவ்வொரு அழுக்குக்கும் ஒரு காரணம்: மாடல் டாங்கி கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கட்டும் மாடல் டாங்கி பற்றியவை, அதனால் இந்த முறை முழுக்க டாங்கிதான். விமானம், கப்பல் பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் கட்டாயம் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 46. சின்ன வயது ஆசை, இப்போதுதான் நேரம் கிடைத்திருக்கிறது. முதல் கிட்டாக ஜெர்மன் டைகர் டாங்கி வாங்கலாம் என்றிருக்கிறேன். எந்த அளவு வாங்குவது? என்னென்ன சாமான் வேண்டும்? – வாசகர், திருச்சி

டைகரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் சார், மூன்றாவதாகக் கட்டலாம். ஆரம்பக் காலத்து டைகரில் ஒரு பக்கத்துக்கு மட்டும் 24 சக்கரம், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 48. அத்தனையையும் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி, வெட்டிய தழும்பை உப்புத்தாளால் தேய்த்து, ஒவ்வொன்றின் விளிம்பு ரப்பருக்கும் தனியாகக் கறுப்பு அடித்து முடிப்பதற்குள் முதல் முறை கட்டுகிறவருக்கு அலுத்துப்போகும். பெட்டியை மூடி அலமாரி மேல் போட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். ரஷ்யாவின் டி-34 வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்தே சோடிப் பெரிய சக்கரம், நான்கு பக்கமும் சாய்ந்த தகடு, பாகமும் குறைவு. பார்க்கவும் அழகான வண்டி.

அளவு 1/35. டாங்கி கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இதில்தான் இருக்கிறார்கள், கிடைக்கிற கிட்டுகளும் இதில்தான் அதிகம். இந்த விசித்திரமான எண் எப்படி வந்தது என்று பலர் கேட்பதுண்டு. ஜப்பானின் ஷிஸுவோக்கா நகரத்து டமியா கம்பெனி 1960களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்து ஓடும் பாந்தர் டாங்கி ஒன்றைச் செய்தது. பேட்டரியும் மோட்டாரும் உள்ளே உட்கார வேண்டும் என்று உடலின் அளவை வைத்தார்கள், அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 35-ல் ஒரு பங்கு. அதுவே நிலைத்துவிட்டது. இந்த அளவில் ஒரு ஆள் 5 சென்டிமீட்டர் உயரம் இருப்பார். பீரங்கிக் குழாயோடு 8.45 மீட்டர் நீளமுள்ள டைகர் 24 சென்டிமீட்டர் வரும். இடம் இல்லை என்றால் 1/72 இருக்கிறது, அதில் அதே டைகர் 12 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், ஆனால் கண்ணாடி போட்ட பிறகு அந்தச் சின்னப் பாகங்களோடு போராட வேண்டியிருக்கும்.

சாமான்: பாகங்களை வெட்டியெடுக்க நல்ல நிப்பர் (வெட்டும் குறடு) ஒன்று, கத்தி, 400, 600, 1000 நம்பர் உப்புத்தாள், பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் மாடல் பசை, இடுக்கி, இரண்டு தூரிகை. நிப்பருக்கு மட்டும் காசு பார்க்காதீர்கள். வெட்டும்போது இரண்டு வெட்டு: முதல் வெட்டு பாகத்துக்குச் சற்றுத் தள்ளி, இரண்டாவது வெட்டு ஒட்டி. ஒரே வெட்டாக ஒட்டி வெட்டினால் பாகத்திலிருந்தே ஒரு சில்லு பெயர்ந்து வரும், அதற்குப் பட்டி பார்க்கும் வேலை தனி. காற்றால் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் இப்போது வேண்டாம். தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கை நீர்க்கக் கலந்து, ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது என்று மூன்று பூச்சு தூரிகையாலேயே அடித்தாலும் டி-34-க்குத் தாராளமாகப் போதும்.

கேள்வி: அண்ணா, சூப்பர் க்ளூ போட்டுத்தான் ஒட்டுகிறேன். கை பட்டாலே பாகங்கள் தெறித்து விழுகின்றன. ஒட்டின இடத்தைச் சுற்றி வெள்ளையாகவும் பூத்துவிடுகிறது. ஏன்? – கல்லூரி மாணவர், சென்னை

தம்பி, அந்தப் பசை இரண்டு பரப்புக்கும் நடுவில் கெட்டியாகி நிற்கும், அவ்வளவுதான். பிளாஸ்டிக்கோடு கலக்காது, காய்ந்தால் கண்ணாடி மாதிரி மொறுமொறுப்பாகிவிடும், பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் போச்சு. வெள்ளைப் பூச்சு அதன் ஆவி படிவதால் வருவது. மாடல் பசை வேலை செய்கிற விதமே வேறு. கிட் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக், மாடல் பசை அதன் மேற்பரப்பை உருக்கி இரண்டையும் ஒன்றாகவே ஆக்கிவிடும். தண்ணீர் மாதிரி இருக்கும் மெல்லிய வகையை வாங்கு. இரண்டு பாகத்தையும் பொருத்திப் பிடித்துக்கொண்டு இடுக்கில் தூரிகை நுனியால் ஒரு தொடு தொட்டால் போதும், பசை தானாக இடுக்கு முழுக்க ஓடிப் பரவும். ஒரே ஒரு எச்சரிக்கை: பிடித்திருக்கும் விரல் அந்த இடுக்கின் மேல் இருக்கக் கூடாது. பசை விரலுக்கு அடியிலும் ஓடும், கையை எடுத்தால் உன் ரேகை டாங்கியின் பக்கத் தகட்டில் அச்சுக் குத்தியது போல் இருக்கும். நான் கட்டிய முதல் ஷெர்மனில் (அமெரிக்க டாங்கி) கட்டைவிரல் ரேகை இன்னும் இருக்கிறது. சூப்பர் க்ளூவைத் தூக்கிப் போட்டுவிடாதே, பித்தளைத் தகட்டுப் பாகங்களுக்கும் ரெசின் பாகங்களுக்கும் அதுதான் வேண்டும்.

கேள்வி: டி-34 கட்டி முடித்தேன். பச்சை அடித்து, மேலே பழுப்பு வாஷ் (நீர்க்கக் கரைத்த சாயம்) கொடுத்து, சங்கிலிக்குத் துருநிறம் பூசி, சேறும் அப்பினேன். சேற்றில் விழுந்த பொம்மை போல இருக்கிறதே தவிர டாங்கியாகத் தெரியவில்லை. எங்கே தப்பு? – வாசகர், கோவை

நீங்கள் அனுப்பிய படத்தை நிதானமாகப் பார்த்தேன். கட்டிய வேலை சுத்தம், இணைப்புக் கோடு ஒன்றுகூடத் தெரியவில்லை. பிரச்சினை என்னவென்றால் எல்லா இடத்திலும் ஒரே அழுக்கு, ஒரே அளவில் இருக்கிறது. நிஜ வண்டியில் அழுக்கு அப்படிச் சேராது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும்: இங்கே ஆள் மிதித்து ஏறுகிறான், இங்கே எண்ணெய் ஒழுகியது, மழைத் தண்ணீர் இந்த வழியாக இறங்கியது. காரணம் தெரியாமல் பூசுகிற அழுக்கு எவ்வளவு திறமையாகப் பூசினாலும் பூசினதாகவே தெரியும்.

தூரிகையை எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். பக்கத்தில் எங்கேயாவது ரோடு வேலை நடந்தால் அங்கே நிற்கும் பொக்லைனையோ புல்டோசரையோ அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். போன வருடம் எங்கள் தெருமுனையில் பாலம் கட்ட ஒரு புல்டோசர் வந்து நின்றது. பெயின்ட் முழுசாகப் போயிருந்த இடங்கள் மூன்றே மூன்று: டிரைவர் ஏறும் படி, அவர் பிடிக்கும் கைப்பிடி, மண் தள்ளும் தகட்டின் விளிம்பு. பக்கத் தகடுகளில் வெயிலில் நிறம் வெளுத்திருந்ததே ஒழிய உரியவில்லை. டீசல் ஊற்றும் மூடிக்குக் கீழே நாக்கு மாதிரி ஒரு கறுப்புக் கறை, அதன் மேல் புழுதி ஒட்டி மெத்தென்று இருந்தது. சங்கிலியில் துரு எங்கே என்று தேடினால், தரையைத் தொடும் மேடுகள் தேய்ந்து வெள்ளி போல மின்னின, பள்ளங்களில்தான் மண்ணும் பழுப்பும். சேறும் ஒரே நிறம் இல்லை, போன வாரச் சேறு காய்ந்து வெளிர்ந்து கிடந்தது, அதன் மேல் நேற்றையது, அதற்கும் மேல் அன்றைக்குக் காலையில் தெறித்தது கருமையாக ஈரத்தோடு. இதைத்தான் உங்கள் டி-34-ல் கொண்டுவர வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். பச்சை நிறத்தைக் கொஞ்சம் வெளுக்க அடியுங்கள், நிஜ வண்டியின் நிறத்தையே சின்னப் பொருளுக்கு அடித்தால் இருட்டாகத் தெரியும். அதன் மேல் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். வாஷை வண்டி முழுக்கக் குளிப்பாட்டுவது போல ஊற்றாதீர்கள். ஓவியர்கள் வாங்கும் எண்ணெய்ச் சாயத்தில் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு ஒரு துளி, டர்பென்டைன் விட்டு டீ டிகாஷன் அளவுக்கு நீர்க்கக் கரையுங்கள். ஒரே ஒரு போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தூரிகையின் நுனியால் அதன் அடியில் தொட்டால் சாயம் தானாகப் போல்ட்டைச் சுற்றி ஒரு வட்டம் ஓடி நிற்கும். இருபது நிமிடம் விட்டுவிட்டு, டர்பென்டைனில் தோய்த்துத் துணியில் துடைத்த சுத்தமான தூரிகையால் மேலிருந்து கீழாக ஒரே ஒரு இழுப்பு. போல்ட்டைச் சுற்றி நிழலும், அதற்குக் கீழே மழை இறங்கினது போல ஒரு மெல்லிய கோடும் மிச்சம் இருக்கும். இதை வண்டி முழுக்கச் செய்ய இரண்டு மூன்று சாயங்காலம் ஆகும், எனக்கு இந்தப் பொழுதுபோக்கிலேயே மிகப் பிடித்த சாயங்காலங்கள் அவைதான். டர்பென்டைன் சில பெயின்ட்டை அரிக்கும் என்பதால் முதலில் அடியில் தெரியாத இடத்தில் சோதித்துப் பாருங்கள்.

பெயின்ட் உரிந்த தழும்புக்கு ஸ்பாஞ்சிலிருந்து ஒரு துணுக்கைப் பிய்த்து, கரும்பழுப்பில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி ஒற்றி ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமல் ஆன பிறகு வண்டியில் தொடுங்கள். மேல் மூடியின் விளிம்பு, ஆள் கால் வைக்கும் இடம், இவ்வளவு போதும். சங்கிலிக்குத் துருநிறத்தை எடுத்துவிட்டுப் பழுப்பு கலந்த கருஞ்சாம்பல் அடித்து, மேடுகளில் 6பி பென்சிலைப் படுக்க வைத்துத் தேயுங்கள், கிராஃபைட் அப்படியே இரும்பாக மின்னும்.

இன்னொன்று, உங்கள் வண்டியில் மேல் சங்கிலி ரப்பர் பேண்ட் போல விறைப்பாக நிற்கிறது. டி-34-ல் மேல் சங்கிலியைத் தாங்கத் தனி உருளை கிடையாது, கனத்த எஃகுச் சங்கிலி தொய்ந்து சக்கரங்களின் மேலேயே படுத்திருக்கும். சங்கிலியை அழுத்திப் பிடித்துச் சக்கரத்தோடு ஒட்டிவிடுங்கள். இந்த ஒரு திருத்தத்திலேயே வண்டிக்குக் கனம் வந்துவிடும். ஷெர்மனுக்கு இதைச் செய்யக் கூடாது, அதற்குத் தாங்கும் உருளைகள் உண்டு, சங்கிலி இறுக்கமாகவே ஓடும். ஷெர்மன் சங்கிலிகளில் பல ரப்பர் பட்டை வைத்தவை, அந்த ரப்பரில் துருநிறம் அடித்தால் தப்பு.

கேள்வி: சின்னங்களை ஒட்டினால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் படலம் வெள்ளி மாதிரிப் பளபளக்கிறது. – வாசகர், சேலம்

மங்கலான பெயின்ட்டின் மேல் நேராக ஒட்டியிருப்பீர்கள். அதன் மேற்பரப்பு சொரசொரப்பு, குழிகளில் காற்று மாட்டிக்கொள்கிறது, வெளிச்சம் பட்டால் மினுங்குகிறது. முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன் மேல் டீகால் (நீங்கள் ஒட்டும் அந்தச் சின்னப் படலம்), அதை இளக்கும் திரவம் ஒரு தடவல், காய்ந்த பிறகு மங்கல் வார்னிஷ். ஏற்கெனவே ஒட்டியதை ஊசியால் அங்கங்கே குத்தி அதே திரவத்தைத் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி: அப்பா ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய 70-வது பிறந்தநாளுக்கு அவர் கைபட்ட வண்டி ஒன்றைச் செய்து தர ஆசை. எதைக் கட்டலாம்? – வாசகி, அம்பத்தூர்

கடிதத்தைப் படித்ததும் மனசு நிறைந்தது அம்மா. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் முதலில் விஜயந்தா, அப்புறம் அஜேயா என்ற டி-72, பிறகு அர்ஜுன், பீஷ்மா என்ற டி-90 என்று பல வண்டிகள் உருவாகியிருக்கின்றன. உங்கள் அப்பா வயதைப் பார்த்தால் விஜயந்தா, டி-72 இரண்டையும் பார்த்திருப்பார். கட்ட எளிது டி-72, ஆவடியில் செய்த டி-72எம்1 வகையையே டமியா 1/35-ல் போட்டிருக்கிறது, நன்றாகப் பொருந்தும் கிட்.

ஆனால் ரகசியமாகச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. எந்தப் பிரிவில் இருந்தார், எந்தப் பாகம் அவர் கையில் வந்தது, பச்சை எப்படி இருந்தது என்று உட்கார்ந்து கேளுங்கள், கிட்டில் இருக்கும் வழிகாட்டித் தாளில் இல்லாதது அவருக்குத் தெரியும். வெளிநாட்டுச் சின்னங்களை ஒட்டாதீர்கள். முக்கியமாக, மேலே கோவை வாசகருக்குச் சொன்ன சேறு, துரு, தழும்பு எதுவும் இந்த வண்டிக்கு வேண்டாம். உங்கள் அப்பா பார்த்தது வேலை முடிந்து புதிதாக வெளியே வந்த வண்டி. போல்ட்டுகளைச் சுற்றி மெல்லிய நிழல், இடப்பக்கம் புகை வெளியேறும் வாயில் எஞ்சினை ஓட்டிப் பார்த்த கரி லேசாக, அவ்வளவோடு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. ஜெர்மன் டாங்கி மட்டும்தான் கட்டுவேன் என்கிறான். போரையும் ஹிட்லரையும் ரசிக்கப் பழகிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. – வாசகி, மதுரை

நியாயமான பயம். தடுப்பதால் பயன் இருக்காது, கூட உட்காருங்கள். டைகரைச் செய்த, ஜெர்மனியின் காசல் நகரத்து ஹென்ஷெல் ஆலையில் கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்டவர்கள் வேலை வாங்கப்பட்டார்கள் என்பதை அவனிடம் சொல்லுங்கள், 12 வயதுக்கு அது புரியும். அடுத்ததாக நம் நாட்டுக் கதை ஒன்றைக் கட்டச் சொல்லுங்கள். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில் கரும்புத் தோட்டங்களில் தண்ணீரைத் திருப்பிவிட்டு நம் படைகள் காத்திருந்தன, அமெரிக்காவில் செய்த பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் அந்தச் சேற்றில் சிக்கின. நம் ராணுவ வீரர் அப்துல் ஹமீது ஜீப்பின் மேல் பொருத்திய ஒரு பீரங்கியை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றை எதிர்த்து நின்று உயிர் கொடுத்தார், பரம் வீர் சக்ரா பெற்றார். ஒரு பாட்டன், ஒரு ஜீப், கரும்புச் சோகை, சேறு என்று ஒரு பலகையில் அதைச் செய்ய உட்கார்ந்தால், இரும்புக்குள் இருந்தவர்களும் வெளியே இருந்தவர்களும் மனிதர்கள் என்பதை யோசிக்காமல் அவனால் முடிக்க முடியாது. வயது குறைவு என்பதால் தண்ணீரில் கரையும் பெயின்ட் மட்டும் கொடுங்கள், பசை எடுக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், கத்தி உங்கள் கண் முன்னால் மட்டும்.

கேள்வி: மழை நாளில் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தேன். டாங்கி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. போச்சா? – வாசகர், நாகப்பட்டினம்

போகவில்லை. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிட்டது. இப்போது எதையும் தொடாதீர்கள். வெயில் அடித்து இரண்டு நாள் காற்று காய்ந்த பிறகு, மத்தியான நேரத்தில், முகமூடி போட்டுக்கொண்டு, பளபளப்பு வார்னிஷை மிக லேசாக ஒரு பூச்சு அடியுங்கள், பெரும்பாலும் வெள்ளை மறைந்துவிடும். அது காய்ந்ததும் மங்கல் வார்னிஷ்.