கறித்தூள் பைக்கற்று எடை: இயந்திரத்தின் எடைத் திருகைத் தொடாமல் விட்டுவிடுங்கள்

வணக்கம். 500 கிராம் கறித்தூள் பைக்கற்று ஒருமுறை 494, மறுமுறை 507 என்று வருகிறது, ஒவ்வொரு தடவையும் நிரப்பும் இயந்திரத்தின் எடைத் திருகைத் திருத்தியும் சரிவரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் திருத்தம்தான் நோய். ஆடாமல் ஓடும் இயந்திரத்தை ஒவ்வொரு பைக்கற்றின் பிழையையும் பார்த்துத் திருத்தினால், எடையின் பரவல் ஏறத்தாழ 1.4 மடங்காகப் பெருகும். தயவுசெய்து 2 நாள்கள் திருகைத் தொடாதீர்கள்.

அரை மணிக்கு ஒருமுறை, தொடர்ந்து விழும் 5 பைக்கற்றுகளை எடைபோட்டு, சராசரியையும் வீச்சையும் (கூடியது கழித்தல் குறைந்தது) கொப்பியில் எழுதுங்கள். இப்படி ஐந்தைந்தாக 25 தொகுதிகள் சேரட்டும். மொத்தச் சராசரி 502, சராசரி வீச்சு 6 என்று வைத்துக்கொள்வோம். 6 × 0.577 = 3.5 (0.577உம் கீழே வரும் 2.114உம் 5 பைக்கற்றுத் தொகுதிக்கு அட்டவணையில் உள்ள மாறிலிகள்). ஆகவே தொகுதிச் சராசரியின் எல்லைகள் 498.5, 505.5. வீச்சின் மேல் எல்லை 6 × 2.114 = 12.7. ஒவ்வொரு தொகுதியையும் வரைபடத்தில் புள்ளியாக இட்டு, புள்ளி இந்த எல்லைகளுக்கு வெளியே போனால் மட்டும் காரணம் தேடுங்கள். 1924 இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷுவார்ட் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடத்தின் உயிர் இதுதான்.

மாரிகாலத்தில் முதலில் தூளைக் கையில் எடுத்துப் பிசைந்து பாருங்கள். ஈரத்தில் கட்டிபட்ட தூள் புனலின் வாயில் தங்கி, பின் மொத்தமாக விழும். மின்வெட்டுக்குப் பின் ஓடும் முதல் பைக்கற்றுகளையும் தனியாகக் குறியுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: இவை சராசரிக்கான எல்லைகள். இதே கணக்கில் தனிப் பைக்கற்று 494 வரை இறங்கலாம். வாங்குபவருக்குக் குறையாமல் கொடுக்கப் பரவலைச் சுருக்குங்கள். 25 தொகுதிகளும் சேர்ந்தபின், பரவல் சுருங்கும்வரை சராசரியை 508 இல் வையுங்கள். கொப்பியின் எண்களை இங்கே இடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.