காலையில் சிவப்புக் குறியோடு நிற்கும் இசட் டிரைவ்: கேள்வி-பதில்

பெரம்பூரிலிருந்து எண்ணூர் வரை, இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே சங்கதிதான். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் நெட்வொர்க் டிரைவ் (வேறு கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டரை நம் கம்ப்யூட்டரில் ஒரு டிரைவ் போலக் காட்டுவது) தானாக வர வேண்டும், வருவதில்லை. அதனால் முதல் கேள்விக்கு விரிவாகவே எழுதுகிறேன்.

"கீழே ஜவுளிக் கடை, மாடியில் வீடு. கடை கம்ப்யூட்டரில் இருக்கும் பில் ஃபோல்டரை வீட்டு லேப்டாப்பில் இசட் டிரைவாக வைத்திருக்கிறேன் சார். தினமும் காலையில் 'எல்லா டிரைவையும் இணைக்க முடியவில்லை' என்று வருகிறது. இசட் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. ஆனால் க்ளிக் செய்தால் உடனே திறக்கிறது. 'ரீகனெக்ட் அட் சைன்-இன்' டிக் போட்டுத்தான் வைத்திருக்கிறேன்." (பழைய வண்ணாரப்பேட்டை)

க்ளிக் செய்தால் திறக்கிறது என்கிறீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. பாஸ்வேர்டு சரி, ஃபோல்டர் சரி. நேரம்தான் ஒத்துவரவில்லை. போன மாதம் ராயபுரத்தில் ஒரு வீட்டில் இதே தொல்லையை உட்கார்ந்து பார்த்தேன். எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) போட்ட லேப்டாப். பாஸ்வேர்டு அடித்த கையோடு டெஸ்க்டாப் வந்துவிட்டது. மூலையில் வைஃபை இருக்க வேண்டிய இடத்தில் உருண்டைச் சின்னம்தான் நின்றது. அந்த இடைவெளியில் 'இணைக்க முடியவில்லை' என்ற செய்தி வந்து மறைந்தது. வைஃபை வளைவுகள் தெரிந்தது அதற்குப் பிறகுதான். விண்டோஸ் சைன்-இன் ஆகும்போது ஒரு தடவை முயல்கிறது. நெட்வொர்க் இல்லை என்றதும் விட்டுவிடுகிறது.

விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில் இது பரவலாக வந்தபோது, சைன்-இன் ஆன பிறகு ஸ்க்ரிப்ட் (சிறு கட்டளை ஃபைல்) வைத்து டிரைவை இணைக்கும் வழியை மைக்ரோசாஃப்டே சொன்னது. அதைச் சுருக்கித் தருகிறேன். முதலில், இருக்கும் இசட்டை வலது க்ளிக் செய்து டிஸ்கனெக்ட் கொடுங்கள். இதைத் தவறவிட்டால் 'அந்த எழுத்து ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது' என்று பிழை வரும். பிறகு நோட்பேடில் ஆங்கிலத்தில் ஒரே வரி: நெட் யூஸ், இடைவெளி, இசட் எழுத்தும் கோலனும், இடைவெளி, இரண்டு பின்சாய்கோடு, கடை கம்ப்யூட்டரின் பெயர், ஒரு பின்சாய்கோடு, ஷேர் பெயர், இடைவெளி, முன்சாய்கோடு போட்டு பெர்சிஸ்டென்ட், கோலன், நோ. பெயர் '.bat' என்று முடியும்படி, 'பேட்' ஃபைலாகச் சேமியுங்கள். பாஸ்வேர்டை அந்த வரியில் எழுதவே எழுதாதீர்கள். அதற்கு விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜர் இருக்கிறது.

அடுத்து டாஸ்க் ஷெட்யூலரில் (வேலைகளைத் தானாக ஓடவைக்கும் விண்டோஸ் கருவி) புது டாஸ்க். ஆக்‌ஷனில் அந்த 'பேட்' ஃபைலைக் கொடுங்கள். ட்ரிக்கர் 'அட் லாக் ஆன்', டிலே 30 செகண்ட். பலர் சறுக்குவது இரண்டு இடங்களில். ஒன்று, 'ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' டிக் போடுவது. போட்டால் டிரைவ் அட்மின் பக்கத்தில்தான் இணையும், ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் கண்ணுக்கே தெரியாது. இன்னொன்று, கண்டிஷன்ஸ் பக்கத்தில் 'சார்ஜரில் இருந்தால் மட்டும் தொடங்கு' என்ற டிக் ஏற்கெனவே போட்டிருக்கும். லேப்டாப்பில் அதை எடுத்துவிடுங்கள்.

உங்களிடம் விண்டோஸ் ப்ரோ இருந்தால் க்ரூப் பாலிசியில் (விண்டோஸின் விதிகளை மாற்றும் இடம்) நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கச் சொல்லும் அமைப்பும் உண்டு. ஹோம் பதிப்பில் க்ரூப் பாலிசி எடிட்டரே கிடையாது. என்னைக் கேட்டால் எந்தப் பதிப்பானாலும் டாஸ்க் ஷெட்யூலர்தான் நிம்மதி.

"இசட் டிரைவ் நன்றாகத் திறக்கிறது. பில்லிங் சாஃப்ட்வேர் மட்டும் அப்படி ஒரு டிரைவே இல்லை என்கிறது." (எம்.சி. ரோடு)

சாஃப்ட்வேரை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்கிறீர்களா? மேலே சொன்ன அதே காரணம்தான். சாஃப்ட்வேர் செட்டிங்கில் இசட் என்று கொடுக்காமல், இரண்டு பின்சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுத்துப் பாருங்கள்.

"ரயில்வேயில் ரிட்டயர் ஆனவன். மகன் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டரை என் கம்ப்யூட்டரில் சேர்க்கப் பார்க்கிறேன். நான்கு இலக்க நம்பர் சரியாகத்தான் போடுகிறேன். தப்பு தப்பு என்கிறது." (பெரம்பூர்)

ஐயா, அந்த நான்கு இலக்கம் பின் நம்பர். அது அந்த ஒரு கம்ப்யூட்டரின் பூட்டைத் திறக்க மட்டும்தான். நெட்வொர்க் வழியாகச் செல்லாது. மகனின் மைக்ரோசாஃப்ட் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு வேண்டும். அதைவிட நல்ல வழி, மகன் கம்ப்யூட்டரில் உங்களுக்கென்று தனி லோக்கல் யூசர் ஒன்று உருவாக்கி, அந்த ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி தருவது. பாஸ்வேர்டு வைக்காமல் யூசர் உருவாக்கினாலும் வேலைக்கு ஆகாது; வெற்றுப் பாஸ்வேர்டு கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக அனுமதிப்பதில்லை.

"மீன் ஏலக் கணக்கு முழுக்க நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் இணைத்த ஹார்ட் டிஸ்க் பெட்டி). கரண்ட் போய் வந்தால் போதும், அன்றைக்கு டிரைவ் இணையாது. மறுபடி மேப் செய்தால்தான் (டிரைவாக இணைத்தால்தான்) வருகிறது." (காசிமேடு)

ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள முகவரி) கொடுத்து மேப் செய்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கரண்ட் வந்ததும் ரவுட்டரும் நாஸும் ஒன்றாக எழுகின்றன; ரவுட்டர் புதிதாக எண் கொடுக்கும்போது நேற்று 5 என்று முடிந்த எண் இன்று 8 ஆகலாம். உங்கள் லேப்டாப் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டு நிற்கும். ரவுட்டர் செட்டிங்கில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்று இருக்கும். நாஸ் பெட்டியின் மேக் முகவரியை (MAC, அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்) கொடுத்து ஒரே எண்ணை நிரந்தரமாக்குங்கள். ரவுட்டருக்கும் நாஸுக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று அவசியம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கணக்கு ஃபைலே கெட்டுவிடும்.

இன்னொன்றும் பாருங்கள். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று. லேன் கேபிளைக் கழற்றி, ப்ளக்கில் இருக்கும் எட்டு உலோகக் கம்பிகளை வெளிச்சத்தில் காட்டுங்கள். பச்சை பூத்திருந்தால் அந்த ப்ளக்கை வெட்டிவிட்டுப் புதிது அடிக்க வேண்டும். செட்டிங்கில் எல்லாம் சரியாக இருந்தும் நெட் விட்டுவிட்டு வருவதற்கு இதுவே காரணமாக இருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

"பழைய ரவுட்டரின் பின்னால் ஹார்ட் டிஸ்க் சொருகியிருக்கிறேன். புது லேப்டாப் அதை இணைக்க மறுக்கிறது. எஸ்எம்பி 1 ஆன் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?" (கொளத்தூர்)

வேண்டாம். எஸ்எம்பி 1 என்பது நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் பழைய முறை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சு நிரல்) உலகம் முழுக்கப் பரவியது அந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைப் புதிதாக நிறுவும் கம்ப்யூட்டர்களில் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. ரவுட்டருக்குப் புது ஃபர்ம்வேர் (அதன் உள் மென்பொருள்) வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ஹார்ட் டிஸ்கை வீட்டில் எப்போதும் ஓடும் கம்ப்யூட்டரில் சொருகி அங்கிருந்து ஷேர் செய்யுங்கள். உங்களுடையது விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு என்றால் பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் இணைப்பையும் மறுக்கும். அதையும் தளர்த்தாமல், ஷேருக்கு ஒரு பாஸ்வேர்டு போடுங்கள்.

"ஆப்பிள் மேக்கில் எப்படி?" (தண்டையார்பேட்டை)

ஃபைண்டரில் கமாண்ட்-கே அழுத்தி ஒரு தடவை இணைத்து, பாஸ்வேர்டைக் கீசெயினில் சேமியுங்கள். பிறகு சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், லாகின் ஐட்டம்ஸ் போய் அந்த ஷேரைச் சேர்த்தால் முடிந்தது.

"குடும்ப போட்டோ எல்லாவற்றையும் நெட்வொர்க் டிரைவுக்கு மாற்றிவிட்டோம், தானாகவே இணைகிறது. இனி லேப்டாப்பில் இருப்பதை அழித்துவிடலாமா அண்ணா?" (வியாசர்பாடி)

அழிக்காதேம்மா. தானாக இணையும் டிரைவில் ஒரு ஆபத்தும் உண்டு. லேப்டாப்பில் ரான்சம்வேர் நுழைந்தால், திறந்து கிடக்கும் இசட் டிரைவில் உள்ளவற்றையும் சேர்த்துப் பூட்டிவிடும். உங்கள் பகுதியில் வரும் மழை வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. 2015-ஐ விடுங்கள், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தரைத்தள வீடுகளில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன். டிவி ஸ்டாண்டின் கீழ்த் தட்டில் வைத்திருந்த நாஸ் பெட்டி ஒன்றைத் தூக்கினேன். திருகு ஓட்டைகள் வழியாகச் சேறு வடிந்தது. அந்த டிஸ்கிலிருந்து ஒரு போட்டோவும் திரும்பவில்லை.

நாஸை லாஃப்ட் உயரத்தில் வையுங்கள். தனியாக ஒரு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் வாங்கி, மாதம் ஒரு நாள் எல்லாவற்றையும் காப்பி எடுத்து, கழற்றி, மாடியில் குடியிருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். அதற்குப் பிறகு லேப்டாப்பில் இடம் போதவில்லை என்றால் தாராளமாக அழியுங்கள்.