கூடிப் பாடும் பாட்டு: வாசகர் கேள்வி – பதில்

முப்பத்தொரு வருடம் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தேன். இப்போது தாம்பரம் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு சேர்ந்திசைக் குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். பல நாட்டு நாட்டுப்புறப் பாடல்களைக் கூட்டமாகப் பாடுவது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் ஆறு இங்கே.

டீச்சர், எங்கள் ஆண்டு விழாவில் "உலகம் பாடுகிறது" என்று ஒரு நிகழ்ச்சி வேண்டுமாம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 40 பிள்ளைகள். ஏழு நாட்டுப் பாட்டு, ஆறு வார அவகாசம். எப்படித் தேர்ந்தெடுப்பது?
– பள்ளி இசை ஆசிரியை, திருநெல்வேலி

ஏழு வேண்டாம் அம்மா, மூன்று எடுங்கள். தலைமை ஆசிரியரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஆறு வாரத்தில் ஏழு மொழி என்றால் பிள்ளைகள் வாயில் சத்தம் இருக்கும், சொல் இருக்காது.

பாட்டுத் தேடும்போது நான் மெட்டை அப்புறம்தான் பார்ப்பேன். இதை அந்த ஊரில் யார் பாடினார்கள், எத்தனை பேர் சேர்ந்து பாடினார்கள், கை என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று முதலில் கேட்டுக்கொள்வேன். கூடி வேலை செய்தவர்கள் பாடிய பாட்டு ஏற்கெனவே சேர்ந்திசையாகத்தான் இருக்கும். நாம் புதிதாக ஒன்றும் ஒட்டவைக்க வேண்டியதில்லை.

இது எனக்குப் புரிந்தது நாகப்பட்டினம் பக்கம் ஒரு கடற்கரையில். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்ற பெரியவர் ஒரு அடி எடுத்துக் கொடுக்கிறார், கயிற்றைப் பிடித்த அத்தனை பேரும் "ஐலசா" என்று வாங்குகிறார்கள். அந்த "சா"வில் எல்லார் குதிகாலும் ஒரே நேரத்தில் மணலில் பதிகிறது, உடம்பு பின்னால் சாய்கிறது, கயிறு ஒரு முழம் ஏறுகிறது. அடுத்த அடியைப் பெரியவர் பாடும்போது மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள். எங்கே மூச்சு எடுப்பது என்று நாம் தாளில் பென்சிலால் குறித்துக் கொடுக்கிறோமே, அதை அங்கே கயிறே சொல்லிவிடுகிறது. மீனவர்கள் இதை அம்பாப் பாட்டு என்பார்கள். உங்கள் மூன்றில் ஒன்று இதுவாக இருக்கட்டும். கடற்கரை ஊர்ப் பிள்ளை யாராவது உங்கள் வகுப்பில் இருந்தால் அவன் தாத்தாவையே கூப்பிடுங்கள்.

இரண்டாவது, "ஷோஷோலோசா". இப்போது ஜிம்பாப்வே என்கிற நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கு வேலைக்குப் போன நிதெபெலே இனத்து ஆட்கள் பாடியது. "ஸ்திமேலா" என்று ஒரு சொல் வரும், ரயில் என்று பொருள். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கும் பாட்டு. ராபன் தீவுச் சிறையில் வேலை செய்தபோது தானும் மற்றவர்களும் இதைப் பாடியதை மண்டேலா சொல்லியிருக்கிறார். 1995 ரக்பி உலகக் கோப்பையின்போது தென்னாப்பிரிக்கா முழுவதும் பாடியதும் இதுதான். ஆகவே பிள்ளைகளைச் சிரித்துக் குதித்து ஆட வைக்காதீர்கள். கடப்பாறை ஏறி இறங்கும் கனம் அந்தத் தாளத்தில் இருக்க வேண்டும். நான் வகுப்பில் ஒரு கொடிக்கயிற்றைக் கொடுத்து, இரண்டு பக்கமும் இருபது இருபது பேராகப் பிடிக்கச் சொல்லி, அம்பாவையும் இதையும் சேர்த்தே பழக்குவேன். இரண்டாம் நாளே இரண்டு பாட்டும் பங்காளிகள் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மூன்றாவதாகக் கொஞ்சம் மென்மையாக ஒன்று: சீனத்து "மோ லி ஹுவா". மல்லிகைப் பூ என்று அர்த்தம். "மோலி" என்ற அந்தச் சொல்லே மல்லிகா என்ற சொல் பௌத்தத்தோடு சேர்ந்து சீனம் போய்த் தேய்ந்த வடிவம் என்பார்கள். இதை முதல் வகுப்பில் சொல்லுங்கள், பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். ஜான் பாரோ என்ற ஆங்கிலேயர் 1804-லேயே இந்த மெட்டைத் தன் பயண நூலில் அச்சிட்டார். 1926-ல் மேடையேறிய, இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் "துராந்தோத்" ஓபெராவிலும் இது வரும். ஐந்தே சுரம், நம் மோகன ராகத்தின் சுரங்கள். ஆபத்தும் அங்கேதான். கர்நாடக சங்கீதம் கற்கும் பிள்ளை காந்தாரத்தை அசைத்துவிடும். அசைக்கக் கூடாது, சுரம் நேராக நிற்க வேண்டும். இன்னொன்று, இந்த மெட்டு கீழே மந்திர பஞ்சமத்துக்கு இறங்கி மேலே தார ஸட்ஜம் வரை போகும். நீங்கள் வழக்கமாக ஐந்து கட்டைச் சுருதியில் பாடவைப்பவராக இருந்தால் மேலே கீச்சென்று போய்விடும். இரண்டு கட்டைக்கு இறக்குங்கள். குரல் உடையும் எட்டாம் வகுப்புப் பையன்களைக் கீழ் ஸட்ஜத்தில் சுருதியாக நிறுத்துங்கள். "நீ பாடாதே" என்று மட்டும் ஒரு பையனிடமும் சொல்லாதீர்கள். அந்த வயதில் அது ஆறவே ஆறாது.

உச்சரிப்பை அந்த மொழிக்காரர் ஒருவர் வாயிலிருந்தே வாங்குங்கள். என் பழைய மாணவி ஒருத்தி தைவானில் படிக்கிறாள். அவளுடைய தோழி ஒவ்வொரு வரியையும் மெதுவாகப் பேசி, பிறகு பாடி, வாட்ஸப்பில் அனுப்பினாள். அந்த நாலு நிமிடம் எனக்கு எந்தப் புத்தகத்தையும்விடப் பயன்பட்டது.

"தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்" ஆப்பிரிக்க நாட்டுப்புறப் பாடல்தானே? எங்கள் அலுவலகக் குழு பாடியதை "மரபுப் பாடல்" என்று போட்டு யூடியூபில் ஏற்றலாமா?
– மென்பொருள் ஊழியர், கோவை

இல்லை தம்பி. அதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு, அவர் பெயர் சாலமன் லிண்டா. ஜூலு மொழிக்காரர். 1939-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் தன் குழுவோடு "ம்புபே" என்று பதிவு செய்தார். ம்புபே என்றால் சிங்கம். அவர்கள் பாடியது "உயிம்புபே", "நீ ஒரு சிங்கம்" என்று. இசைத்தட்டு கடல் கடந்து அமெரிக்கா போனது. அங்கே பீட் சீகர் என்ற நாட்டுப்புறப் பாடகர் காதில் அது "விமோவே" என்று விழுந்தது. இன்றைக்கு உலகமே பொருளில்லாத அந்தச் சொல்லைத்தான் பாடிக்கொண்டிருக்கிறது. 1961-ல் ஆங்கிலச் சொற்களோடு வந்த வடிவம் பெரும்புகழ் பெற்றது. லிண்டா 1962-ல் வறுமையில் இறந்தார். அவருடைய மகள்கள் வழக்குப் போட்டு ஒரு உடன்பாடு வந்தபோது 2006 ஆகிவிட்டது.

"மரபுப் பாடல்" என்று போடுவது ஒரு மனிதனின் பெயரை அழிப்பது. எனக்கு இதில் சமாதானமே கிடையாது. உரிமை வைத்திருப்பவர்களிடம் அனுமதி வாங்கிப் பாடுங்கள், லிண்டாவின் பெயரைப் போடுங்கள், "உயிம்புபே" என்று அவர் பாடிய சொல்லையே பாடுங்கள்.

பொதுவாகவும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மெட்டு யாருக்கும் சொந்தமில்லாத பழம்பாட்டாகவே இருக்கலாம். அதை நாலு குரலுக்குப் பிரித்து எழுதியவரின் உழைப்புக்குத் தனி உரிமை உண்டு. இணையத்தில் கிடைத்த தாளை நகலெடுத்து முப்பது பேருக்குக் கொடுப்பது சரியில்லை.

ஒவ்வொரு பாட்டுக்கும் அந்தந்த நாட்டு உடை போட்டால் பார்க்க நன்றாக இருக்குமே?
– பெற்றோர் ஒருவர், மதுரை

வேண்டாம். அந்தக் காசில் ஒரு நல்ல சுருதிப்பெட்டி வாங்குங்கள். பாட்டு யாருடையது, எதற்குப் பாடியது என்று இரண்டு வரியை ஒரு பிள்ளை தெளிவாகச் சொல்லிவிட்டுப் பாடட்டும். முகத்தில் சாயம் பூசுவதைக் கனவிலும் நினைக்காதீர்கள்.

எங்கள் குடியிருப்புச் சேர்ந்திசைக் குழுவில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் இருக்கிறோம். "சான் மாலி சான்", "ராசா சாயாங்" எல்லாருக்கும் தெரியும். தமிழில் ஒரு நாட்டுப்புறப் பாட்டு கேட்கிறார்கள். ழகரம் வராதே, என்ன செய்வது?
– வாசகி, சிங்கப்பூர்

கேட்கிறார்களே, அதுவே பெரிய விஷயம். உங்கள் ஊரில் "முன்னேறு வாலிபா"வைச் சீனரும் மலாய்க்காரரும் சிறுவயதிலிருந்தே பாடிப் பழகியவர்கள். அது நாட்டுப்புறப் பாட்டு இல்லை, ஆனாலும் தமிழ் அவர்கள் நாக்குக்குப் புதிது இல்லை.

ழகரத்துக்குப் பயப்படாதீர்கள். குழப்பம் நாம் எழுதிக்கொடுக்கும் விதத்தில்தான் இருக்கிறது. ரோமன் எழுத்தில் ழகரத்துக்கு "இசட் எச்" போடுகிறோம். மாண்டரின் படித்தவருக்கு அந்த இரண்டு எழுத்தும் ஜகரம் மாதிரி ஒரு ஒலி. அவர் தப்பாகப் படிக்கவில்லை, தனக்குத் தெரிந்ததைச் சரியாகப் படிக்கிறார். அதே மாண்டரினில் நாக்கை மடித்துச் சொல்லும் ஒரு ரகரம் இருக்கிறது. "அதைச் சொல்லுங்கள், நாக்கு நுனியை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுங்கள், மேலே ஒட்டவிடாதீர்கள்" என்று சொல்லிப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு சீன மாணவிக்குப் பத்தே நிமிடத்தில் "மழை" வந்தது. நம் பிள்ளைகள் பலர் "மளை" என்றுதான் சொல்கிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

உண்மையான சிக்கல் குற்றியலுகரம். "வந்து", "கேட்டு", "ஆத்து" என்று முடியும் சொற்களில் அந்தக் கடைசி உகரம் பாதி மாத்திரைதான், உதடும் குவியாது. மற்ற மொழிக்காரர்கள் அதைக் குவித்து நீட்டி "வந்தூ" என்று விடுவார்கள். அதிலும் மெட்டு அந்த இடத்தில் நின்றால் கேட்கவே வேண்டாம். உதட்டைப் புன்னகைக்கிற மாதிரி வைத்துக்கொண்டு உகரம் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம், வரி முடிவில் நீண்ட ஆ, ஓ வரும் பாட்டாகத் தேர்ந்தெடுங்கள். "ஏலேலோ" வரும் பாட்டும் "தன்னானே" வரும் கும்மியும் இதனால்தான் எல்லார் வாயிலும் உட்கார்ந்துவிடுகின்றன. கும்மியில் கைதட்டும் கிடைக்கும், மலாய் நண்பர்கள் ஒரு ரெபானா மேளம் கொண்டுவந்து சேர்ந்துகொள்ளலாம்.

தெம்மாங்கு மெட்டு ஒன்றை நாலு குரலில் பிரித்துப் பாட ஆசைப்படுகிறோம். சபையில் பெரியவர்கள் "கிராமியப் பாட்டைக் கெடுக்காதே" என்கிறார்கள்.
– தேவாலயக் கொயர் நடத்துபவர், நாகர்கோவில்

பெரியவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. தெம்மாங்கில் சுரம் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழுக்கலுக்கு அடியில் கீர்த்தனையில் போடுகிற மாதிரி சுரத்துக்குச் சுரம் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) போட்டால் பாட்டு விறைத்துப்போகும்.

எஸ்தோனியாக்காரர்களைப் பாருங்கள். 1869-லிருந்து பெரும் பாட்டுத் திருவிழா நடத்தும் மக்கள். அவர்களுடைய பழைய "ரெகிலவுல்" பாட்டில் ஒருவர் ஒரு அடி பாடுவார். அவர் அடியை முடிக்கும் முன்பே, கடைசி ஓரிரு அசையில், கூட்டம் வந்து சேர்ந்து அதே அடியைத் திருப்பிப் பாடும். கூட்டத்தின் முடிவில் தலைவர் வந்து சேர்வார். வேல்யோ தோர்மிஸ் (1930–2017) என்ற அந்நாட்டு இசையமைப்பாளர் தன் சேர்ந்திசைப் படைப்புகளை இந்தப் பாட்டுகளின் மேல்தான் எழுப்பினார். நாட்டுப்பாட்டைத் தான் பயன்படுத்தவில்லை, அதுதான் தன்னைப் பயன்படுத்துகிறது என்பார் அவர்.

நீங்களும் அப்படிச் செய்யலாம். ஆண்குரல் இரண்டும் ச–ப சுருதியாக நிற்கட்டும். ஒரு பெண்குரல் தெம்மாங்கை முழு உரிமையோடு இழுத்துப் பாடட்டும். மற்றப் பெண்கள் ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லிலும் வந்து ஏந்திக்கொள்ளட்டும். நாலு குரலும் இருக்கும், பாட்டும் கெடாது. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் தொடங்கிய மெட்ராஸ் யூத் கொயரின் பதிவுகள் கிடைத்தால் குழுவோடு உட்கார்ந்து கேளுங்கள். இந்திய மொழிகள் பலவற்றை ஒரே குழு அந்தந்த மொழியின் மணத்தோடு பாட முடியும் என்று காட்டியவர் அவர்.

மலைக்கிராமம் ஒன்றில் பழங்குடிப் பெண்கள் பாடிய பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். சொல் புரியவில்லை, மெட்டு மனத்தை உருக்குகிறது. கல்லூரிக் கொயரில் பாடலாமா?
– கல்லூரி மாணவி, உதகை

சொல் புரியும் வரை பாடாதே அம்மா.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கேசட்டில் ஒரு பாட்டியின் குரல் கிடைத்தது. "ஆராரோ" போலவே இழுத்துப் போகும் மெட்டு. தாலாட்டு என்று நானே முடிவுகட்டி, சொல் தெளிவில்லாத இடத்தில் என் சொல்லைப் போட்டு, இருபது சிறுமிகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பெற்றோர் தினத்தில் அவர்கள் பாட ஆரம்பித்ததும் முன்வரிசையில் ஒரு ஆயா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். பின்னாலேயே ஓடினேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். "இது எழவு வீட்ல மாரடிச்சுப் பாடறது தாயி. பச்சப்புள்ளைங்க வாயில குடுத்திருக்கியே" என்றார். மகனைப் பறிகொடுத்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லையாம். தாலாட்டும் ஒப்பாரியும் பல ஊர்களில் மெட்டளவில் அவ்வளவு நெருக்கம் என்று பிறகுதான் படித்தேன். கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த நாட்டுப்பாடல் தொகுப்பான "மலையருவி"யையும் (1958), நா. வானமாமலையின் "தமிழர் நாட்டுப் பாடல்க"ளையும் (1964) அந்த வருடம்தான் முதன்முதலாக எடுத்துப் புரட்டினேன். முன்பே புரட்டியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் அந்த ஆயா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "புள்ளைங்களுக்குப் பாட்டுத்தானே வேணும்?" என்று கேட்டு, நாற்று நடும்போது பாடுகிற ஒன்றைக் குனிந்து நட்டுக் காட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். அதை இன்றைக்கும் என் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் பாடுகிறோம்.

நீயும் அந்தக் கிராமத்துக்குத் திரும்பிப் போ. நீ பதிவு செய்ததை அந்தப் பெண்களிடமே போட்டுக் காட்டு. என்ன பாட்டு, எப்போது பாடுவது, வெளியார் பாடலாமா என்று கேள். கூடாது என்றால் அழித்துவிடு. பாடலாம் என்றால் அவர்களையே கல்லூரிக்கு அழைத்து வந்து, உன் தோழிகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல். பஸ் காசும் சாப்பாடும் ஒரு நாள் கூலியும் கல்லூரி கொடுக்கட்டும்.